தறியிலிருந்து லாரிக்கு: போகுமுன் போட வேண்டிய கணக்கு

(ஆர்.கே.பேட்டையில் விசைத்தறித் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் பேசிய பேச்சு.)



இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களுக்குப் புதிதல்ல. டீக்கடையிலும் தறி ஷெட்டிலும் இரண்டு வாலிபர்கள் சேர்ந்து நின்றால் இதே பேச்சுத்தான்: “தறியை விட்டுவிட்டு லாரிக்குப் போய்விடலாமா?” திருவாலங்காட்டுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிவிடும் விவசாயத் தோழனும் இதையே கேட்கிறான். “நாள் பூராவும் தலையில் சுமந்து ஏற்றுகிறோம். ஏறி உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு நம்மைவிட நல்ல கூலி. நாமும் ஓட்டினால் என்ன?” என்கிறான்.

கேள்வி நியாயமானது. “தொழிலை விட்டு ஓடாதே” என்று உபதேசம் செய்ய நாங்கள் வரவில்லை. வயிற்றுப் பிழைப்புக்குத் தொழில் மாறுவது குற்றமும் அல்ல, கேவலமும் அல்ல. ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு மாற வேண்டும். அதற்கான கணக்கைத்தான் இன்று சேர்ந்து போட்டுப் பார்க்கப் போகிறோம்.

ஏன் போகிறார்கள்?

பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், நம் ஆர்.கே.பேட்டை என்று இந்த வட்டாரம் முழுவதும் தறிச் சத்தம்தான். பன்னிரண்டு மணி நேரம் அந்தச் சத்தத்தில் நிற்கிறவனுக்கு நாற்பது வயதுக்குள் காது மந்தமாகிவிடுகிறது. நூல் விலை ஏறினால் தறி நிற்கும். துணி தேங்கினாலும் தறி நிற்கும். தறி நின்ற நாளுக்குக் கூலி இல்லை. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவச மின்சாரம் என்று 2023இல் ஆணை வந்தது. நல்லதுதான். ஆனால் அது மீட்டர் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. கூலிக்குத் தறி ஓட்டுகிறவனுக்கு ஏது மீட்டர்?

இதற்கு மேல் முன்பணம் என்ற கயிறு. கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ முதலாளியிடம் ஒரு தொகை வாங்கியிருப்பான். அது அடைகிற வரை வேறு ஷெட்டுக்குக்கூடப் போக முடியாது. தோழர்களே, இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: முன்பணத்தைக் காட்டி ஓர் ஆளை வேலையில் கட்டிப்போட எவருக்கும் அதிகாரம் இல்லை. கொத்தடிமை முறையை ஒழிக்க 1976லேயே சட்டம் வந்துவிட்டது.

இன்னொரு பக்கம் பார்த்தால், நம் ஜில்லாவிலேயே ரோடு அழைக்கிறது. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை; அதை ஒட்டியே சென்னை - கல்கத்தா நெடுஞ்சாலை. எண்ணூரில் 2001 முதல் காமராஜர் துறைமுகம், பக்கத்திலேயே காட்டுப்பள்ளித் துறைமுகம். இவ்வளவு சரக்கையும் இழுக்க ஆள் வேண்டும். நம் ஊர்க்காரனுக்கு ஒரு கைமுதலும் உண்டு. 1960 ஏப்ரல் 1 வரை இந்தப் பகுதி ஆந்திரத்துச் சித்தூர் ஜில்லாவில் இருந்தது. இன்றும் வீட்டுக்கு வீடு தமிழும் தெலுங்கும் புழங்குகின்றன. நகரிக்கும் நெல்லூருக்கும் லோடு கொண்டுபோகிறவனுக்கு அந்தப் பாஷை சோறு போடும்.

எங்கள் தவறு ஒன்று

இப்படியெல்லாம் யோசித்துத்தான் நமக்குத் தெரிந்த ஒரு வாலிபர் தறியை விட்டு லாரிக்குப் போனார். பெயர் வேண்டாம். முன்பணத் தகராறை நாங்களே போய்ப் பேசி முடித்தோம். டீ வாங்கிக் கொடுத்து வழியனுப்பி வைத்தோம். என்ன சம்பளம், எத்தனை மணி நேர வேலை, எப்போது லீவு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. “தறியைவிட மேல்” என்று அவர் சொன்னார், நாங்களும் நம்பினோம்.

சில மாதங்கள் கழித்து ஒரு ராத்திரி போன் வந்தது. அவர் வீட்டை விட்டுக் கிளம்பிப் பத்தொன்பது நாள் ஆகிவிட்டது. குழந்தைக்குக் காய்ச்சல். ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டால், “இன்னும் ஒரு லோடு இறக்கிவிட்டுப் போ” என்கிறார்கள். கோபித்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்றால், அவருடைய லைசென்சு லாரி ஆபீஸ் மேஜை டிராயரில் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த அன்றே “பத்திரமாக இருக்கட்டும்” என்று வாங்கி வைத்துக்கொண்டார்களாம்.

நாங்கள் ஐந்து பேர் போய் உட்கார்ந்தோம். ஒரு பகல் பூராவும் பேசினோம். சாயங்காலம் லைசென்சு கைக்கு வந்தது. பன்னிரண்டு நாள் சம்பளப் பாக்கி வரவில்லை. சேர்ந்த தேதிக்கு அத்தாட்சி இல்லை, டிரிப் கணக்குக்கு அத்தாட்சி இல்லை. எதை வைத்து வாதாடுவது? அன்றைக்கு எங்களால் முடிந்தது அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் சொன்னார்: “அங்கே முன்பணத்தைக் காட்டிக் கட்டினார்கள். இங்கே என் லைசென்சைக் கொண்டே என்னைக் கட்டினார்கள்.” அந்த வார்த்தை எங்களைச் சுட்டது. வழியனுப்பும்போது கேட்க வேண்டியதை நாங்கள் கேட்டிருந்தால், அவரும் கேட்டிருப்பார். இன்று இங்கே நின்று பேசுவதற்குக் காரணமே அதுதான்.

மாதக் கணக்கு வேண்டாம், மணிக் கணக்குப் போடுங்கள்

லாரி முதலாளி மாதக் கணக்குச் சொல்வார், அல்லது டிரிப் கணக்குச் சொல்வார். கேட்க இனிமையாக இருக்கும். நாம் மணிக் கணக்கில் பார்ப்போம். உதாரணத்துக்குத்தான் சொல்கிறோம், உங்கள் தொகையை வைத்து நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு டிரிப்புக்கு 2,700 ரூபாய் என்று வையுங்கள். போக ஒரு நாள், லோடு இறக்கக் காத்திருக்க ஒரு நாள், திரும்பி வர ஒரு நாள். மூன்று நாளில், தூங்கிய நேரம் போக, வண்டியோடு விழித்துக் கிடந்தது நாளுக்கு 18 மணி வீதம் 54 மணி. வழியில் சாப்பாட்டுக்கும் குளிக்கவும் 600 ரூபாய் கைக்காசு. மிச்சம் 2,100. மணிக்கு 39 ரூபாய்கூட வரவில்லை. தறியில் 12 மணிக்கு 540 ரூபாய் வாங்குகிறவனுக்கு மணிக்கு 45 ரூபாய். ராத்திரி வீட்டுச் சோறு. கைக்கு மொத்தமாக வருகிற பணம் பெரிதாகத் தெரியும். ஆனால் அதற்காக எத்தனை மணி நேரத்தைக் கொடுத்தோம் என்பதைப் பார்க்க வேண்டும்.

காத்திருப்பதும் வேலைதான். துறைமுக வாசலில் கண்டெய்னர் வண்டிகள் வரிசை கட்டி நிற்பதை எண்ணூர் ரோட்டில் பார்த்தவர்களுக்குத் தெரியும். வரிசையை விட்டு டிரைவர் நகர முடியாது. ஆகவே முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: “வண்டி நிற்கிற நாளுக்கு என்ன படி? சாப்பாட்டு பேட்டா தனியா, கூலிக்குள்ளேயா?”

லைசென்சு எடுக்கும் வழி

18 வயதில் இலகு ரக லைசென்சு எடுக்கலாம். அதை எடுத்து ஒரு வருஷம் ஆனபிறகுதான் போக்குவரத்து வாகனத்துக்கு எல்.எல்.ஆர். கிடைக்கும், வயதும் 20 ஆகியிருக்க வேண்டும். டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். போக்குவரத்து லைசென்சை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். எட்டாவது படித்திருக்க வேண்டும் என்ற விதி 2019இல் நீக்கப்பட்டது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியை இலகு ரக லைசென்சை வைத்தே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. ஆகவே முதலில் குட்டி யானை ஓட்டிக் கை பழகி, பிறகு பெரிய வண்டிக்குப் போவது நல்லது. ரசாயனமோ காஸோ ஏற்றும் டாங்கர் வண்டிக்குத் தனிப் பயிற்சி கட்டாயம். கூலி கூட என்று கேட்டு, பயிற்சி இல்லாமல் அதில் ஏறாதீர்கள்.

புரோக்கரிடம் பணத்தைக் கொட்ட வேண்டாம். கும்மிடிப்பூண்டியிலேயே சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் கனரக வாகன ஓட்டுநர் பயிற்சி மையம் இருக்கிறது. நேரில் போய் விசாரியுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். தறி முதலாளியுடையது, லாரியும் முதலாளியுடையது, லைசென்சு உங்களுடையது. அதை எவர் டிராயரிலும் விட்டுவைக்காதீர்கள். நகல் கொடுங்கள், அசல் உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1961இல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்று அது சொன்னது. ஐந்து பேர் வேலை செய்கிற நிறுவனத்துக்கே அது பொருந்தியது. 2025 நவம்பர் 21 அன்று மத்திய சர்க்கார் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலுக்குக் கொண்டுவந்தது. பழைய சட்டம் அதற்குள் போய்விட்டது. 8 மணி என்ற பேச்சு புதிய தொகுப்பிலும் உண்டு. ஆனால் போக்குவரத்து நிறுவனம் என்று கணக்கில் வருவதற்குப் பத்துத் தொழிலாளர்கள் இருக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். இதற்கு என்ன அர்த்தம்? மூன்று லாரி வைத்திருப்பவரிடம் மூன்று டிரைவர், மூன்று கிளீனர், ஆக ஆறு பேர். முன்பு சட்டத்துக்கு உள்ளே இருந்தவர்கள், இன்று வெளியே நிற்கிறார்கள். ரோட்டில் ஓடும் லாரிகளில் எத்தனை இப்படிப்பட்ட சின்ன முதலாளிகளுடையவை என்று எண்ணிப் பாருங்கள்.

ஐரோப்பிய யூனியன் நாடுகளில் 2006இல் வந்த விதிப்படி, நாலரை மணி ஓட்டினால் 45 நிமிஷம் நிறுத்தியாக வேண்டும். பொதுவாக ஒரு நாளைக்கு 9 மணிக்கு மேல் ஓட்டக்கூடாது. வண்டியிலேயே ஒரு கருவி அதைப் பதிவு செய்கிறது. நம் லாரிகளிலும் வண்டி எங்கே நிற்கிறது என்று முதலாளிக்குக் காட்ட ஜி.பி.எஸ். கருவி வந்துவிட்டது. டிரைவர் எத்தனை மணி தூங்கவில்லை என்பதை எழுதி வைக்கத்தான் யாருமில்லை.

பாரம் விஷயத்திலும் ஜாக்கிரதை. அதிக லோடுக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் என்பது 2019 திருத்தம். ஏற்றச் சொல்கிறவர் ஆபீஸில் இருப்பார். ரோட்டில் பிடிபடுகிறவன் டிரைவர்.

விபத்துக்கும் அப்படித்தான். கவனக் குறைவால் உயிர் போனால் பழைய தண்டனைச் சட்டத்தில் இரண்டு வருஷம் வரை சிறை. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சட்டத்தில் அது ஐந்து வருஷம் வரை. தகவல் சொல்லாமல் ஓடிப்போனால் பத்து வருஷம் வரை என்று இன்னொரு பிரிவும் எழுதினார்கள். அதை எதிர்த்து 2024 ஜனவரி முதல் நாட்களில் வடக்கிலும் மேற்கிலும் டிரைவர்கள் வண்டிகளை நிறுத்தினார்கள். பெட்ரோல் பங்குகளில் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். சட்டம் அமலுக்கு வந்தபோது அந்த ஒரு பிரிவை மட்டும் சர்க்கார் நிறுத்தி வைத்தது. ஆளுக்கொரு ரோட்டில் தனித்தனியாக ஓடுகிறவர்களும் ஒன்று சேர முடியும் என்பதை நாடு பார்த்தது.

சொந்த லாரி ஆசை

“கூலிக்கு ஏன் ஓட்ட வேண்டும்? நாலு சென்ட் நிலத்தை விற்று முன்தொகை கட்டினால் நாமே முதலாளி” என்று சிலர் கேட்கலாம். நாமக்கல்லையும் சங்ககிரியையும் உதாரணம் காட்டுவார்கள். அங்கே லாரியால் முன்னுக்கு வந்தவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மாதத் தவணை, டயர், இன்ஷூரன்ஸ், சுங்கச்சாவடி, எப்.சி., டீசல் என்று வரிசையாகக் கைநீட்டுவார்கள். லோடு இல்லாத மாதத்திலும் தவணை நிற்காது. தவணை தவறினால் வண்டியும் போகும், விற்ற நிலமும் திரும்பாது. இரண்டு வருஷமாவது கூலிக்கு ஓட்டி, லோடு எங்கே பிறக்கிறது, வாடகை யார் கையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு யோசியுங்கள்.

தாய்மார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டுக்காரர் ரோட்டில் இருக்கும்போது கடன்காரனுக்குப் பதில் சொல்பவர் நீங்கள். ஆகவே எந்த முதலாளி, எந்த ஆபீஸ், வண்டி நம்பர் என்ன, எந்த ரோடு என்று எல்லாம் உங்கள் கையில் எழுதியிருக்கட்டும். அவசரத்தில் அந்தச் சீட்டுத்தான் உதவும்.

என்ன செய்ய வேண்டும்?

போகிறவர்கள் போங்கள். போகுமுன் கூலி, பேட்டா, காத்திருப்புப் படி, லீவு நான்கையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால், பேசியதைப் போனில் செய்தியாகவாவது முதலாளிக்கு அனுப்பி வையுங்கள். ஒவ்வொரு டிரிப் சீட்டையும் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். கை கால் போனால் நஷ்ட ஈடு கேட்பதற்கும், பாக்கிச் சம்பளம் கேட்பதற்கும் நீங்கள் அவரிடம்தான் வேலை செய்தீர்கள் என்ற அத்தாட்சி வேண்டும். விசைத்தறி நெசவுத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருப்பவர்கள், தொழில் மாறியதும் அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் பதிந்துகொள்ளுங்கள். தூக்கம் வந்தால் வண்டியை ஓரம் கட்டுங்கள். எந்த லோடும் உங்கள் உயிரைவிடப் பெரிதல்ல.

தறியிலேயே இருக்கப்போகிறவர்களுக்கும் சொல்கிறோம். அனுபவசாலி ஒருவன் ஷெட்டை விட்டுப் போவது உங்கள் பலத்தில் ஒரு பங்கு போவதுதான். தறியில் கூலி சரியாக இருந்தால் பாதிப்பேர் போகவே மாட்டார்கள். ஆகவே போகிறவனிடம் கோபம் வேண்டாம். இருக்கிறவர்கள் கூலியைக் கேட்டு நில்லுங்கள்.

நாங்கள் சொன்ன அந்த வாலிபர் இன்றும் லாரிதான் ஓட்டுகிறார், வேறு இடத்தில். இந்தத் தடவை எழுதி வாங்கிக்கொண்டுதான் சேர்ந்தார். மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருக்கிறார். லாரிக்குப் போக நினைப்பவர்கள் எங்களிடம் வாருங்கள். அவர் ஊரில் இருக்கும் நாளாகப் பார்த்துச் சேர்ந்து உட்காரலாம். எங்களுக்குத் தெரியாததை அவர் சொல்வார். முதலாளி சொன்ன தொகையையும் ஒரு பென்சிலையும் கொண்டுவாருங்கள். கணக்கைச் சேர்ந்தே போடுவோம்.