‘ஃபேர்’ என்றால் சிவப்பு மட்டும்தானா?

(நமது அறக்கட்டளையின் ஆங்கிலப் பயிற்சி வகுப்பு நிறைவு நாளில், மாணவியரும் பெற்றோரும் கூடிய அவையில் செயலாளர் ஆற்றிய உரை)



வகுப்பில் எத்தனையோ ஆங்கிலச் சொற்களைப் படித்தோம். அவற்றில் நம் வீட்டுக் கூடம் வரை வந்துவிட்ட ஒரு சொல்லை இன்று எடுத்துக்கொள்வோம். அது ‘ஃபேர்’.

கல்யாண பயோடேட்டாவில் ‘பெண் ஃபேர்’ என்று பார்த்தால், சிவப்பு என்று புரிந்துகொள்கிறோம். ஆனால் பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லின் பொருள் நிறமல்ல, அழகு. பார்க்க இனிமையான ஆளையும் பொருளையும் அப்படிச் சொன்னார்கள். வெளுப்பே அழகு என்ற ரசனை பரவியபோது, நிறமும் அச்சொல்லில் ஒட்டிக்கொண்டது. ‘ஸ்னோ ஒயிட்’ கதையின் ஆங்கில வடிவில் ராணி கண்ணாடியிடம் கேட்பது ‘ஃபேரஸ்ட்’ யார் என்று. எல்லாரினும் அழகானவர் யார் என்பதே அங்கே கேள்வி.

இன்றைய பேச்சில் ஒருவரை அழகு என்று சொல்ல ‘பியூட்டிஃபுல்’ என்றே சொல்லுங்கள். அழகைக் குறிக்கும் ‘ஃபேர்’ பழைய கதைகளிலும் கவிதைகளிலும்தான் மிஞ்சியிருக்கிறது. மற்ற பயன்பாடுகளைப் பாருங்கள். ‘ஃபேர் ஹேர்’ என்றால் பொன்னிற முடி. ‘ஃபேர் வெதர்’ மழையில்லாத தெளிந்த வானிலை. ‘ஃபேர் நோட்டு’ அடித்தல் திருத்தல் இல்லாத நோட்டு. மதிப்பெண் அட்டையில் ‘ஃபேர்’ என்றிருந்தால், பரவாயில்லை என்று பொருள். ‘புக் ஃபேர்’ மட்டும் வேறு குடும்பம். அந்தச் சொல் லத்தீனிலிருந்து வந்தது.

நாம் மாதந்தோறும் அரிசி வாங்கும் ‘ஃபேர் பிரைஸ் ஷாப்’பை மறக்கலாமா? தமிழில் அதை நியாய விலைக் கடை என்கிறோம். ஆம், அச்சொல்லுக்கு நியாயம் என்றும் பொருள் உண்டு. மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிதல்ல. அரபியில் ‘ஹஸன்’ என்றால் அழகு, நல்லது இரண்டும்தான்.

இப்படிப் பல பொருள் கொண்ட சொல்லிலிருந்து தோலின் நிறத்தை மட்டும் பிய்த்தெடுத்து நம் பெண்பிள்ளைகள் மீது வைத்துவிட்டோம். பெண் பார்க்க வந்தவர்கள் “நிறம் கொஞ்சம் கம்மி” என்று சொல்வது அடுத்த அறையில் இருக்கும் பிள்ளையின் காதில் விழுகிறது. சில இடங்களில் அதையே காரணம் காட்டிக் கைக்கூலியும் கூட்டிக் கேட்கிறார்கள். அவள் படித்த படிப்பும் குணமும் அங்கே கணக்கில் வருவதில்லை. முதல் முஅத்தினாகிய பிலால் (ரலி) அவர்களின் பெயரை ஆசையோடு பிள்ளைகளுக்குச் சூட்டும் சமுதாயம் நாம்!

2020இல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்ற முகப்பூச்சே ‘ஃபேர்’ என்ற சொல்லைக் கைவிட்டு ‘குளோ அண்ட் லவ்லி’ ஆனது. விற்கிறவர்களே விட்டுவிட்ட சொல்லை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

நமது அறக்கட்டளை புதிதாகத் தொடங்கும் திருமணத் தகவல் பதிவேட்டில் நிறம் கேட்கும் கட்டமே இருக்காது. மார்க்கப் பற்று, குணம், படிப்பு, தொழில் ஆகியவற்றைக் கேட்போம். பெற்றோர்களும் பயோடேட்டா எழுதும்போது ‘ஃபேர்’, ‘வீட்டிஷ்’ போன்ற சொற்களை விட்டுவிடுங்கள். மாப்பிள்ளை வீட்டாராகப் போகும்போது நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் வாருங்கள்.

‘ஃபேர்’ என்ற சொல்லுக்கு நியாயம் என்ற பொருளை நம் வீடுகளில் நிலைநாட்டுவோம். அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக. வஸ்ஸலாம்.