ஒரு லயத்துக்கு ஒரே நாளில் மருந்து

(கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சம்பளமும் வீடும் பேசும் மேடையில் கோழியைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் சிரிக்கலாம். 2025 ஆகஸ்ட் 1 முதல் முட்டைக்கு அரசாங்கம் கொடுத்துவந்த உதவித்தொகையும் விலைக் கட்டுப்பாடும் நீங்கிவிட்டன. இனிச் சந்தை சொல்வதுதான் முட்டை விலை. ஆகவே கோழிப் பேச்சும் சம்பளப் பேச்சுதான்.

"முன்பு வளர்த்தோம், விட்டுவிட்டோம்" என்கிறீர்கள். ஏன் விட்டீர்கள்? "சீக்கு வந்தது; ஒரே வாரத்தில் எல்லாம் செத்தன." அதுதான் மலாய்க்காரர் 'சம்பார்' என்றும், நாம் வெள்ளைக்கழிச்சல் என்றும் சொல்லும் நோய். கோழி சோர்ந்து தலை தொங்கும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கழுத்து முறுக்கிக்கொள்ளும். வந்தபின் தீர்க்க மருந்தில்லை. வருமுன் தடுக்க மருந்து உண்டு.

அந்த மருந்துக்காக வெகுதூரம் பார்க்க வேண்டியதில்லை. இதோ செர்டாங்கில், 1980களில், விவசாயப் பல்கலைக்கழகத்து ஐனி இடேரிஸ் முதலிய ஆய்வாளர்கள் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து, சூட்டைத் தாங்கும் வி4-யுபிஎம் என்னும் தடுப்பு மருந்தை உருவாக்கினார்கள். கம்பத்துக் கோழிக்குத் தீனியோடு சேர்த்தே கொடுக்கலாம் என்பதே அதன் நோக்கம்.

பின் ஏன் நம் கோழி சாகிறது? தடுப்பு மருந்துக் குப்பி நூற்றுக்கணக்கான கோழிகளைக் கணக்கிட்டு வருகிறது. கரைத்த மருந்தை இரண்டொரு மணி நேரத்தில் தீர்க்க வேண்டும். ஆறு கோழி உள்ள வீடு தனியே வாங்கினால் மீதி சாக்கடைக்குப் போகும். இருபது வீடு சேர்ந்தால் நூற்றிருபது கோழி. செலவோ இருபதில் ஒரு பங்கு! சங்கம் நமக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இதுதானே?

பால் வெட்டு இல்லாத நாளாகப் பாருங்கள். கூண்டு திறக்குமுன், விடியற்காலையில் தொடங்குங்கள். மருந்தை ஐஸ் பெட்டியில் கொண்டுவாருங்கள். கண்ணில் விடும் மருந்தானால் கோழிக்கு ஒரு சொட்டு. மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை திரும்பக் கொடுங்கள். சீக்குக் கோழிக்குக் கொடுக்காதீர்கள். சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு வாரம் தனியே வையுங்கள். செத்ததை ஆற்றில் எறியாமல் ஆழப் புதையுங்கள்.

எந்தக் கோழி வளர்ப்பது? நாட்டுப் பெட்டை ஆண்டுக்கு ஐம்பது, அறுபது முட்டைதான் இடும். ஆனால் மேய்ந்து தின்னும், தானே குஞ்சு பொரிக்கும். பண்ணை முட்டைக்கோழி 250க்கு மேலும் இடும். ஆனால் நாளுக்கு 110 கிராம் தீவனம் விலைக்கு வாங்க வேண்டும். கூண்டைத் தரைக்கு இரண்டடி மேலே கம்பி வலையடித்துக் கட்டுங்கள். மூசாங்கும் பாம்பும் இரவில்தான் வரும். பச்சை ரப்பர் கொட்டையைத் தீனியில் சேர்க்காதீர்கள், அது நஞ்சு.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிக்குப் போய்விட்ட நம்மவர்களுக்குக் கூண்டு வைக்க மண் இல்லை. மண் உள்ளவர்கள் அதை வீணாக்கலாமா? கூண்டுக்கு இடம் வேண்டுமென்றால் ஆளுக்கொருவராய்ப் போய்க் கெஞ்சாதீர்கள். கமிட்டியாக எழுத்தில் கேளுங்கள். கிராணிமார்களே, வீட்டுக்கு எத்தனை கோழி என்று பட்டியல் எழுதிக் கால்நடை இலாகாவுக்கு அனுப்பும் வேலை உங்களுடையது. வெட்டுத் தோழர்களே, அந்த நாளில் கோழியைப் பிடித்துத் தரும் வேலை உங்களுடையது.