வணிகர் வில்லைகளும் வண்ணக்கர் பார்வையும்

(விழா அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உத்தமபாளையத்துப் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களையும் வட்டெழுத்துகளையும் கண்டு வணங்கியவர்கள் இவ்வவையில் பலர் இருப்பீர்கள். அந்தக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்துதான் நானும் வந்திருக்கிறேன். தமிழாசிரியப் பணியோடு கூடவே வளர்ந்த ஒரு சிறு பித்து எனக்கு உண்டு. அரசு அடித்த நாணயங்களைவிட, நாணய வணிகரும் பொன் வணிகரும் தம் பெயர் பொறித்து வெளியிட்ட வில்லைகளைத் தேடித் திரட்டுவது அது. செல்லாக்காசு சேர்க்கிறார் என்பார்கள் வீட்டில். சொல்லில் பிழையில்லை, அவற்றைக் கொடுத்து ஒரு படி உப்பும் வாங்க முடியாது.

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை, கம்பத்தை அடுத்துத் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் வந்தார். சிவப்புத் துணியில் பொதிந்த செப்புக்காசு ஒன்றை மேசைமேல் வைத்தார். ஒருபுறம் அனுமன். மறுபுறம் கிழக்கிந்தியக் கம்பெனி, ஓர் அணா, 1818 என்று ஆங்கிலத்தில். இஃது அரிசியை இழுக்கும் காசு, உள்ளே இரிடியம் இருக்கிறது, வெளிநாட்டார் கோடிக்கணக்கில் கொடுத்து வாங்குவர் என்று சொல்லி ஒருவர் முன்பணம் பெற்றிருந்தார். மீதித் தொகைக்குத் தோட்டத்தை அடமானம் வைக்க வேண்டும். அதற்கு மறுநாளே நாள் குறித்தாயிற்று. "ஐயா, நீங்கள் ஒருமுறை பார்த்துச் சொன்னால் மனம் அமைதியாகும்" என்றார்.

சங்கப் புலவர் வரிசையில் வடமவண்ணக்கன் தாமோதரனார், வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் என்ற பெயர்களைக் காண்கிறோம். வண்ணக்கர் என்போர் நாணயத்தின் தரத்தை நோட்டம் பார்ப்போர். பிற்காலத்தில் நோட்டகாரர் என்றும் சராபு என்றும் அழைக்கப்பட்டவர்களின் தொழில்தான் அது. வகுப்பில் இந்தச் சொல்லை எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அன்றுதான் அந்த வேலையை உள்ளபடியே செய்ய நேர்ந்தது.

முதலில் ஆண்டைப் பார்த்தேன். 1818ஆம் ஆண்டு சென்னை மாகாண நாணய வரலாற்றில் முக்கியமானதுதான். வராகன் கணக்கை விட்டு ரூபாய்க் கணக்குக்குக் கும்பினியார் மாறிய ஆண்டு அது. அதற்கு முன் அவர்கள் வெளியிட்ட செப்புக்காசுகளில் ஒன்று 1808ஆம் ஆண்டின் இருபது காசு நாணயம். ஒருபுறம் சிங்கங்கள் தாங்கிய கும்பினியின் சின்னம், மறுபுறம் பாரசீக எழுத்து. அனுமன் இல்லை. ஆனால் 'கும்பினி நாணயத்தில் சாமி உருவமே கிடையாது' என்று அடித்துப் பேசினால் அதுவும் பொய்யாகும்; அவர்களுடைய பொன் வராகனில் திருமால் உருவம் உண்டு. ஏமாற்றுவோர் இந்த அரை உண்மையில்தான் காலூன்றுகிறார்கள். ஐயத்துக்கு இடமின்றி முடிவு சொன்னது 'ஓர் அணா' என்ற எழுத்து. இந்தியாவில் ஓர் அணா நாணயம் புழக்கத்துக்கு வந்தது 1907இல், செம்பும் நிக்கலும் கலந்த உலோகத்தில், பூவிதழ் போல் வளைந்த விளிம்போடு. கும்பினி ஆட்சியோ 1858இலேயே முடிந்துபோனது.

அரிசி இழுப்பது எப்படி என்று கேட்டார். செம்பும் காந்தத்தால் ஈர்க்கப்படாது, இரிடியமும் அப்படியே. காசின் அருகே காந்தத்தை ஒளித்து, அரிசியில் இரும்புத்தூளை ஏற்றினால் இழுக்கத்தான் செய்யும். என் வீட்டு அரிசிப் பானையில் அந்தக் காசைப் போட்டோம். ஒரு மணியும் அசையவில்லை.

நான் சேர்க்கும் வில்லைகளுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று அவர் கேட்டபோது சற்றே தடுமாறினேன். இரண்டும் அரசு அடித்தவை அல்ல. இரண்டும் வணிகர் கைச்சரக்கே. 1790களில் இங்கிலாந்தில் சில்லறைத் தட்டுப்பாடு மிகுந்து, கடைக்காரர்களே செப்பு வில்லைகளை அடித்துப் புழங்கவிட்டனர். அவற்றைச் சேர்ப்பது பெரும் மோகமாகவே, சேர்ப்போருக்கென்றே புதிய வில்லைகள் பிறந்தன. இலண்டனில் கடை வைத்திருந்த தாமஸ் ஸ்பென்ஸ் தம் பெயரையும் நாணய வணிகர் என்ற தொழிலையும் வில்லையில் பொறித்தார். 1794இல் அரசத் துரோகக் குற்றச்சாட்டில் ஏழு மாதம் சிறையிருந்தார். அதையும் மறைக்காமல் வில்லையிலே பொறித்தார்! பம்பாயில் நரோந்தாஸ் மனோர்தாஸ் போன்ற பொன் வணிகர்கள் வெளியிட்ட தோலா வில்லைகளில் நிறுவனத்தின் பெயரும் எடையும் இருக்கும். ஒரு தோலா பதினொன்றரைக் கிராமுக்குச் சற்று மிகுதி. எடை குறைந்தால் யார் கடைப் படியேறிக் கேட்பது என்பது வில்லையிலேயே எழுதியிருக்கிறது. அவர் காட்டிய காசிலோ அடித்தவன் பெயர் இல்லை. எப்போதோ மறைந்துபோன கும்பினியின் பெயர் இருந்தது.

நம்மவர்க்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. களவு செய்யாமை என்னும் அணுவிரதத்துக்குத் தத்துவார்த்த சூத்திரம் கூறும் ஐந்து அதிசாரங்களுள் 'பிரதிரூபக வியவகாரம்' ஒன்று. போலிப் பொன் முதலியவற்றைக் கொண்டு வஞ்சித்து நடத்தும் வாணிகம் என்று பூஜ்யபாதர் அதற்கு உரை வரைந்தார். எடையையும் அளவையும் கூட்டிக் குறைத்தலை அதற்கு முன்பே வைத்திருக்கிறது சூத்திரம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இராமர் பட்டாபிடேகம் பொறித்த காசு எங்கள் பக்கத்துப் பல வீடுகளில் பூசையறையில் இருக்கிறது. அண்டை வீட்டுப் பாட்டி ஒருவர் தம் தாயார் கொடுத்த அத்தகைய காசை என்னிடம் காட்டி, "இதுவும் போலியா தம்பி?" என்று கேட்டார். அது வழிபாட்டுக்கென்றே அடித்து விற்ற வில்லை. தன்னை நாணயம் என்று அது சொல்லிக்கொள்ளவில்லை. ஆகவே போலி இல்லை, பாட்டி நிம்மதியாகப் பொட்டு வைக்கலாம். அதையே ஒருவன் ஆண்டு திரித்துக் கோடி ரூபாய்க்கு விலை பேசும்போதுதான் அது குற்றமாகிறது.

உங்கள் வீட்டுப் பழம்பெட்டிகளிலும் பாத்திரக்கடை, நகைக்கடை, வட்டிக்கடை பெயர் பொறித்த வில்லைகள் கிடக்கலாம். புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள். எழுத்து தேய்ந்துவிடும், அதனோடு அந்தக் கடையின் பெயரும் போய்விடும். உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி, யாரிடமிருந்து வந்தது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

என் மாணவர் அடமானம் வைக்கவில்லை. கொடுத்த முன்பணம் திரும்பவும் இல்லை. காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வெட்கப்பட்டு இரண்டு வாரம் தயங்கினார், அதற்குள் அந்த மனிதர் ஊரைவிட்டே போய்விட்டார். காசை என்னிடமே விட்டுச் சென்றார். என் பெட்டியில் ஒவ்வொரு வில்லைக்கும் ஒரு சீட்டு உண்டு: உலோகம், எடை, ஆண்டு, வெளியிட்டவர். இதற்கும் ஒன்று எழுதினேன். கடைசி வரியை வெறுமையாக விட்டிருக்கிறேன்.