பேந்த பல் கேப்பை வாயிலேயே சரிசெய்தல்: மாநாட்டுத் தலைமை உரை



பீங்கான் கேப் பேந்தால் கழற்றிவிட்டுப் புதிதாகப் போடு என்றுதான் நம்மில் பலர் படித்தோம். அந்தப் பாடத்தைக் கடலோர மரக்காணத்தில் உட்கார்ந்து மறுபடி யோசிப்பது நல்லது. உப்பளம் ஓடும் மாதங்களில் பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறவருக்கு, புதுச்சேரிக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. புது கேப் என்றால் அளவெடுக்க ஒரு நாள், மாட்ட ஒரு நாள். முன்பல் ஓரத்தில் அரிசியளவு பேந்ததற்கு இத்தனையும் வேண்டுமா? பழைய கேப்பை அறுத்தெடுக்கும்போது உள்ளிருக்கும் பல்லே முறிவதும் உண்டு.

வாயிலேயே ஒட்டும் வழி நேற்று வந்ததல்ல. 1955-இல் புவோனகோர், எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கினால் பிசின் பிடிக்கும் என்று காட்டினார். ஹைட்ரோபுளோரிக் அமிலம் தடவிய பீங்கானிலும் அது பிடிக்கும் என்று 1983-இல் சிமன்சனும் கலாமியாவும் காட்டினார்கள். நாற்பது ஆண்டு கழிந்தும், ஒட்டியது விழுந்துவிடும் என்ற பேச்சு மட்டும் ஓயவில்லை.

எது பேந்திருக்கிறது என்று பாராமல் கைக்குக் கிடைத்த மருந்தைத் தடவினால் விழத்தான் செய்யும். ஹைட்ரோபுளோரிக் அமிலம் கண்ணாடிக் கூறு உள்ள பீங்கானை அரிக்கும். சிர்கோனியாவில் கண்ணாடியே இல்லை. அதன்மேல் 50 மைக்ரான் அலுமினாத் தூளை வீசி, எம்.டி.பி. என்ற ஒட்டுப்பொருள் கலந்த பிரைமரைப் பூச வேண்டும். உலோகம் வெளியே தெரிந்தால் அதன் நிறத்தை மறைக்கும் ஒபேக்கர் இல்லாமல் காம்போசிட் பிசினை வைக்காதீர்கள், கருநிழல் அடிக்கும். பாஸ்பாரிக் அமிலம் பீங்கானைச் சுத்தம் செய்யும், அரிக்காது. ரப்பர் டேம் கட்டாமல் ஹைட்ரோபுளோரிக் அமிலத்தை வாய்ப்பக்கமே கொண்டுபோக வேண்டாம். அது சதைக்குள் இறங்கிக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். வலியோ தாமதமாகத்தான் தெரியும். கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கடலோரக் கிளினிக்குக்கு இன்னொரு தொல்லை. கம்பிரசர் தொட்டியில் தண்ணீர் சேரும். காலையில் அதை வடிக்காவிட்டால், உலர்த்துவதற்காக ஊதும் காற்றே ஈரத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒருமுறை ஊதிப் பாருங்கள். துளி படிந்தால் ஒட்டும் வேலையைத் தள்ளிவையுங்கள். பீங்கானையும் பிசினையும் இணைக்கும் சிலேன், பாட்டிலில் கலங்கியிருந்தால் குப்பையில் போடுங்கள். விலையை நினைத்து அதையே தடவுகிறவர்களையும் நான் அறிவேன்.

எல்லாவற்றையும் ஒட்டிவிடலாம் என்று சொல்ல வரவில்லை. உள்ளே சொத்தை இருந்தால், கேப்பின் சட்டமே விரிசல் விட்டிருந்தால், புதிதுதான் போட வேண்டும். கடி சரியில்லாமல் பேந்ததை, கடியைத் திருத்தாமல் ஒட்டினால் மறுபடி அங்கேயே பேரும்.

இந்த வேலையை இலவச இணைப்பாகச் செய்வதை நிறுத்துவோம். தனிக் கட்டணம் வாங்குவோம், பதிவேட்டில் தனியாக எழுதுவோம். எழுதினால்தான் எத்தனை மாதம் நின்றது என்று தெரியும். இன்று கட்டுரை படிப்பவர்கள், நின்றவற்றோடு விழுந்தவற்றையும், அவை ஏன் விழுந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.