ரேகைச் சட்டமும் ஒரு தேர்தலும்



தேர்தலில் நிற்கும் வேட்பாளர் பல பொருள்களைப் பற்றிப் பேசுவார். சாலை அமைப்பதாகச் சொல்வார். கண்மாயைத் தூர் எடுப்பதாகச் சொல்வார். பள்ளிக்கூடம் கொண்டுவருவதாகச் சொல்வார். இவை கண்ணால் கண்டு அளக்கக் கூடியவை. கண்மாய் தூர் எடுக்கப்பட்டதா இல்லையா என்பதை அடுத்த மழைக்காலமே சொல்லிவிடும். ஆனால், மக்களின் உரிமையைப் பற்றி ஒருவர் மேடையில் சொல்லும் சொல்லை எந்தக் கோலால் அளப்பது? இராமநாதபுரம் சீமையில் 1937-ஆம் ஆண்டு நடந்த ஒரு தேர்தலைக் கொண்டு இவ்வினாவுக்கு விடை காண முயல்கிறேன்.

அக்காலத்தில் குற்றப்பரம்பரைச் சட்டம் என்று ஒரு சட்டம் இருந்தது. 1871-இல் வட இந்தியாவிற்காகப் பிறந்த அச்சட்டம், 1911-இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்திற்கும் வந்து சேர்ந்தது. ஒரு குலத்தாரைக் 'குற்றப்பரம்பரை' என்று அரசாங்கம் கெஜட்டில் அறிவித்துவிட்டால் போதும். அக்குலத்தில் பிறந்தவர், களவு செய்தவராயினும் செய்யாதவராயினும், பெயரைப் பதிந்து கைரேகை வைத்தல் வேண்டும். குறித்த வேளையில் காவல் நிலையத்திலோ ஊர்த் தலைவரிடமோ தம்மைக் காட்டிக்கொள்ளல் வேண்டும். அயலூர் செல்வதற்கும் அனுமதி பெற வேண்டும். அறிவிப்புத் தவறு என்று வழக்காட முற்பட்டால், அவ்வறிவிப்பின் செல்லுந்தன்மையை எந்த நீதிமன்றமும் ஆராயலாகாது என்று சட்டமே கதவை அடைத்திருந்தது. மக்கள் அதனை 'ரேகைச் சட்டம்' என்றே வழங்கினர். செய்த செயலுக்குத் தண்டனை என்பது உலக நீதி. பிறந்த பிறப்புக்கே தண்டனை என்பது இச்சட்டத்தின் நீதி!

மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் நாள், ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பதினாறு பேருக்குக் குறையாமல் மாண்டனர். மாயக்காள் என்னும் பெண்மணியும் அவர்களுள் ஒருவர். அம்மக்களுக்காக வழக்காடியவர் ஜார்ஜ் ஜோசப் என்னும் வழக்கறிஞர். கேரளத்தில் பிறந்த கிறித்தவரான அவரைக் கள்ளர் 'ரோசாப்பூ துரை' என்று அன்போடு அழைத்தனர். தம் குலத்தவர் அல்லாதாருக்காக அவர் வாதாடினார் என்பதை நினைவில் கொள்ளுங்கள். இச்செய்திக்குப் பின்னர் வருவோம்.

1929-இல் இச்சட்டம் ஆப்பநாட்டு மறவர் வாழும் 19 ஊர்கள்மீது பாய்ந்தது. அப்போது இருபது வயதே நிரம்பிய பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் ஊர் ஊராகச் சென்று அதனை எதிர்க்குமாறு மக்களைத் திரட்டினார். 1934-இல் அபிராமத்தில் மாநாடும் கூடியது.

இந்நிலையிலே 1937 பிப்ரவரியில் சட்டசபைத் தேர்தல் வந்தது. அதற்கு முன்னிருந்த இரட்டையாட்சியில் கல்வி, சுகாதாரம் போன்ற துறைகளே மக்கள் தேர்ந்தெடுத்த மந்திரிகளிடம் இருந்தன. போலீசும் சட்டம் ஒழுங்கும் கவர்னரின் நிருவாக சபைக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. ஆகவே, ரேகைச் சட்டத்தை நீக்குவேன் என்று முன்னைய தேர்தல்களில் ஒருவர் கூறியிருந்தால், அது கைக்கெட்டாத கனியைக் கொடுப்பதாகச் சொன்னது போலாகும். 1935-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் மாகாணத் துறைகளை மந்திரிகளிடம் ஒப்படைத்தது. வெல்லும் கட்சியின் கையில் போலீசு இலாகாவும் வரும் என்ற நிலை அப்போதுதான் ஏற்பட்டது. வாக்குறுதிக்கு முதன்முறையாகப் பொருள் உண்டாயிற்று.

ஆனால், வாக்கு எவரிடம் இருந்தது? வயது வந்தோரில் ஒரு பகுதியினருக்கே வாக்குரிமை கிட்டிற்று. சொத்து, வரி, படிப்பு ஆகியவை அதற்குத் தகுதிகள். 215 இடங்களில் 30 தாழ்த்தப்பட்டோருக்கும், 28 முஸ்லிம்களுக்கும், 8 பெண்களுக்கும் எனப் பிரித்து வைத்திருந்தனர். ரேகை வைத்த ஏழைகளுள் மிகப் பலர் வாக்காளர் பட்டியலுக்கு வெளியே நின்றனர். போலீசின் பட்டியலில் பெயர் உண்டு. வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லை!

இராமநாதபுரத்தில் நீதிக்கட்சியின் சார்பில் நின்றவர் சண்முக ராஜேசுவர சேதுபதி மன்னர். இராமேசுவரம் திருக்கோயிலையும் சேது யாத்திரிகரையும் தலைமுறை தலைமுறையாகப் புரந்த குடும்பம் அவருடையது. எதிர்த்து நின்றவர் காங்கிரசு வேட்பாளர் தேவர். காங்கிரசு ஆட்சி வந்தால் ரேகைச் சட்டம் ஒழியும் என்னும் நம்பிக்கையோடு அவர் தென் மாவட்டங்களில் உழைத்தார். முடிவில் மன்னர் தோற்றார். மாகாணம் முழுவதிலும் காங்கிரசு 159 இடங்களைப் பெற்று, இராஜாஜி தலைமையில் மந்திரிசபை அமைத்தது.

சட்டம் ஒழிந்ததா? இல்லை. இராஜாஜி மந்திரிசபை 1939 அக்டோபரில் பதவி விலகிய நாளிலும் அது உயிரோடு இருந்தது. அம்மந்திரிசபை உரிமைகளில் கருத்தற்றதாயிருந்தது என்று சொல்வதும் நியாயமன்று. பொதுக் கிணறு, பாதை ஆகியவற்றில் தாழ்த்தப்பட்டோருக்கு இருந்த தடைகளை நீக்க எம். சி. ராஜா முயன்று கொணர்ந்த சட்டம் 1938-இல் நிறைவேறியது. ஆலயப் பிரவேசச் சட்டம் 1939-இல் வந்தது. ஒரு சாராரின் உரிமைக்குக் கை நீட்டிய ஆட்சி, மற்றொரு சாராரின் உரிமையைக் கிடப்பில் போட்டது. தேவர் ஏமாற்றமடைந்தார்; போராட்டம் தொடர்ந்தது. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில், உள்துறை மந்திரியாக டாக்டர் சுப்பராயன் இருந்தபோது, 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் ரேகைச் சட்டம் நீங்கியது. நாடு முழுவதும் அது நீங்கியது 1952-இல். தேர்தல் மேடைக்கும் சட்டம் ஒழிந்த நாளுக்கும் இடையே பத்து ஆண்டுகள் ஓடின.

1952 பொதுத் தேர்தலில் நிலைமை மாறியது. சொத்தும் படிப்பும் கேளாமல், 21 வயது நிரம்பிய அனைவருக்கும் வாக்குச் சீட்டு வந்தது. 1937-இல் தோற்ற சேதுபதி மன்னர், இப்போது எல்லா மக்களிடமும் வாக்குக் கேட்டு, சுயேச்சையாக நின்று வென்று மந்திரியும் ஆனார். வாக்கு வந்துவிட்டது, இனி உரிமைக்குக் குறைவில்லை என்று எண்ணத் தோன்றும்.

அவ்வாறு எண்ணலாகாது என்பதை 1957 காட்டியது. அவ்வாண்டு ஜூலையில் முதுகுளத்தூர் இடைத்தேர்தல் நடந்தது. அதன்பின் மறவருக்கும் தேவேந்திரருக்கும் இடையே பெருங்கலவரம் மூண்டது. செப்டம்பர் 10-ஆம் நாள் கலெக்டர் கூட்டிய சமாதானக் கூட்டத்தில் தாழ்த்தப்பட்ட மக்களின் சார்பில் இம்மானுவேல் சேகரன் கலந்துகொண்டார். இராணுவத்தில் பணியாற்றித் திரும்பியவர்; தம் மக்களின் மானத்துக்காக உழைத்தவர். மறுநாளே பரமக்குடியில் அவர் கொலையுண்டார். அவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட தேவர் 1959-இல் நிரபராதி என விடுதலை பெற்றார். கலவரத்தில் மாண்டோர் மீளவில்லை. எரிந்த குடிசைகளில் வாழ்ந்தோர் ஏழைகள். தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955-லேயே நடைமுறைக்கு வந்திருந்தது என்பதையும் இங்கே கருதுங்கள். பின்னாளில், 1976-இல், குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் பெற்றது அதுவே.

பிறப்பைக் காரணமாகக் காட்டி ஒருவனை இழிவு செய்தல் தவறு என்பதே ரேகைச் சட்டத்தை எதிர்த்தோரின் வாதம். அவ்வாதம் முற்றும் உண்மை. ஆனால் உண்மை ஒரு குலத்தின் வேலிக்குள் நிற்பதன்று. ரேகைச் சட்டம் தவறானால், தீண்டாமையும் அதே காரணத்தால் தவறுதான். எனக்கு வேண்டிய உரிமையை அடுத்த தெருவில் உள்ளவனுக்கு நான் மறுத்தால், நான் கேட்டது உரிமையன்று, சலுகையே.

ஆகவே, நண்பர்களே, நாளை நீங்கள் வாக்காளராகும்போது மேடையில் நிற்பவரைச் சில கேள்விகள் கேளுங்கள். எந்தச் சட்டத்தை மாற்றப்போகிறீர்? அதற்கான அதிகாரம் நீர் கேட்கும் பதவிக்கு உண்டா? பழைய வாக்குறுதி எவ்வளவு காலம் கிடப்பில் இருந்தது? இவற்றுக்கு விடை கிடைத்த பின்னும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கும். உமக்கு வாக்களிக்காதவருக்காகவும் இதே சொல்லைச் சொல்வீரா? ஜார்ஜ் ஜோசப் அன்று அக்கேள்விக்குச் செயலால் விடை சொன்னார். அவ்விடையைத் தரக்கூடியவர் எக்கட்சியில் இருப்பினும், எக்குலத்தில் பிறந்திருப்பினும், உரிமையைப் பற்றிப் பேசத் தகுதியுடையவர் அவரே.