பொருளும் அதன் ஊரும்



புதுக்கோட்டை மாவட்டத்தின் கலைச் சேகரிப்புகளைப் பற்றியும் கண்காட்சிகளைப் பற்றியும் பேசக் கூடியிருக்கிறோம். தலைமை உரையில் எல்லாவற்றையும் தொட்டுச் செல்வது வழக்கம். நான் ஒன்றை மட்டும் வற்புறுத்த அனுமதி கேட்கிறேன். ஒரு கலைப்பொருள் எந்த ஊரில், எந்த இடத்தில் இருந்தது, யார் கண்டார்கள், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்கிற குறிப்பும் அந்தப் பொருளைச் சேர்ந்ததுதான். குறிப்பு தொலைந்துபோனால் பொருளில் பாதி தொலைந்துவிடுகிறது.

1898-இல் ஆலங்குடி வட்டாரத்துக் கறுக்காக்குறிச்சியில் ஒரு புதையல் கிடைத்தது. அதில் இருந்தவை 501 ரோமப் பொற்காசுகள். பெரும்பாலான காசுகளில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு இருக்கிறது. இனி இது நாணயமாகச் செல்லாது, எடைக்குப் பொன்னாக மட்டுமே செல்லும் என்று அறிவிக்கவே அப்படி வெட்டினார்கள் என்பது ஒரு விளக்கம். வேறு விளக்கங்களும் உண்டு. அதே ஆண்டில் நாணய ஆய்வாளர் ஜி. எஃப். ஹில் இந்தக் காசுகளை ஆராய்ந்து எழுதினார். காசுகள் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் போய்ச் சேர்ந்தன. நம் மண்ணிலிருந்து போனதே என்று நமக்கு வருத்தம் இருக்கலாம். ஆனால் ஊர்ப்பெயரும் எண்ணிக்கையும் ஆண்டும் சேர்த்து எழுதிவைக்கப்பட்டதால்தான் இன்றும் அவற்றை முன்வைத்து ரோம வணிகத்தைப் பற்றி விவாதிக்க முடிகிறது. உருக்கப்பட்டு நகையாகிப்போன புதையல்களைப் பற்றிப் பேச நமக்கு ஒரு சொல்கூட இல்லை.

அதற்கும் நாற்பது ஆண்டு முன்னால், 1858-இல், லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை அரசின் புகைப்படக்காரராகத் தென்மாவட்டங்களில் படம் எடுத்தார். மதுரைக்கும் தஞ்சைக்கும் போலவே புதுக்கோட்டைக்கும் தனியாக ஒரு படத்தொகுப்பு வெளியிட்டார். 2014-இலும் 2015-இலும் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் நகரங்களில் அவருடைய படங்களுக்குப் பெரிய கண்காட்சி நடந்தது. அயல்நாட்டுப் பார்வையாளர்கள் நின்று பார்த்த அந்தத் தொகுப்பைத் திருமயத்துப் பள்ளிப் பிள்ளைகள் பார்க்க வேண்டாமா? மூலப் படங்களைக் கொண்டுவருவது கடினம். காகித அச்சுகள் வெளிச்சம் தாங்காது. நல்ல நகல்களை எடுத்து, படம் எடுத்த இடத்துக்கு அருகிலேயே மாட்டிவைப்பதற்கு என்ன தடை? 1858-இல் இருந்ததையும் இன்று இருப்பதையும் ஒரே பார்வையில் ஒப்பிடும் வாய்ப்பு, மூலப் படங்களை வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களுக்கே கிடையாது.

சித்தன்னவாசல் குடைவரை ஓவியங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1916-இல் எஸ். ராதாகிருஷ்ண ஐயர் எழுதிய புதுக்கோட்டை வரலாற்று நூலில் அந்த ஓவியங்களைப் பற்றிய குறிப்பு வருகிறது. அதன் பிறகு பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேல் அவற்றை ஆராய்ந்து உலகறியச் செய்தார். அவர் அவற்றைப் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தவை, அதாவது 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று கருதினார். 1942-இல் வேதியியலாளர் எஸ். பரமசிவனும் தொல்லியலாளர் கே. ஆர். சீனிவாசனும் சுவரைத் துப்புரவு செய்தபோது ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு ஓவியம் இருப்பது தெரிந்தது. குடைவரைக்கு அருகே பாறையில் உள்ள தமிழ்க் கல்வெட்டோ, அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் என்ற பாண்டியன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அர்த்தமண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபம் எடுப்பித்ததைச் சொல்கிறது. ஆக, இன்று நம் கண்ணுக்குத் தெரியும் தாமரைக் குளமும், மீனும் எருமையும் யானையும், மலர் கொய்யும் மூவரும், தூண்களில் ஆடும் மகளிரும் 9-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தவை என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. இருந்தும் மகேந்திரவர்மன் பெயரை இன்னும் அச்சிடும் நூல்கள் இருக்கின்றன. ஒருமுறை எழுதப்பட்ட பெயர்ப்பலகை எவ்வளவு காலம் பிழைத்திருக்கிறது பாருங்கள்!

அங்கே இன்னொரு செய்தியும் உண்டு. குடைவரையின் முன்னால் இன்று நாம் காணும் தூண் மண்டபம் இளங்கௌதமன் எடுப்பித்தது அல்ல. புதுக்கோட்டை சமஸ்தானத்தின் நிர்வாகியாக இருந்த அலெக்சாண்டர் டாட்டன்ஹாம், ஓவியத்தைக் காப்பதற்காகக் குடுமியான்மலையிலிருந்து தூண்களைக் கொண்டுவந்து எழுப்பியது. நல்ல நோக்கம்தான், பயனும் இருந்தது. ஆனாலும் விவரம் அறியாமல் போகிறவர் தூணையும் ஓவியத்தையும் ஒரே காலத்தவை என்றே எண்ணிக்கொண்டு திரும்புவார். குடுமியான்மலைக் கோயிலை ஆராய்கிறவரோ அந்தத் தூண்களைத் தேடிச் சித்தன்னவாசலுக்கு வர வேண்டும். ஓரிடத்தைக் காப்பதற்கு இன்னோர் இடத்திலிருந்து எடுத்தால், எடுத்ததை இரண்டு இடத்திலும் எழுதிவைக்க வேண்டும் என்பேன்.

எழுதிவைக்கும் பழக்கம் நமக்குப் புதிதா? 1910-இல் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் காலத்தில் தொடங்கிய அருங்காட்சியகம் இன்றும் திருக்கோகர்ணத்தில் இயங்குகிறது. 1929-இல் சமஸ்தானம் தன் எல்லைக்குள் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளை ஊர்வாரியாகக் குறித்து, அரச மரபுவாரியாகத் தொகுத்து நூலாக வெளியிட்டது. இவ்வளவு சிறிய அரசு இவ்வளவு பெரிய வேலையைச் செய்தது என்பதில் எனக்கு இன்றும் தீராத மதிப்பு. அதே திருக்கோகர்ணத்தில் பா. கிருஷ்ணமூர்த்தியும் டோரதியும் தங்கள் உழைப்பில் உருவாக்கிய ஞானாலயா நூலகம் லட்சத்துக்கு மேற்பட்ட நூல்களைக் காத்து நிற்கிறது. கல்லெழுத்துக்கும் அச்செழுத்துக்கும் கிடைத்த இந்தக் கவனிப்பு ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் முழுமையாகக் கிடைக்கவில்லை. திருக்கோகர்ணம் கோயில் விதானத்து இராமாயண ஓவியங்கள், நார்த்தாமலை விசயாலய சோழீச்சரத்துச் சுவரில் மங்கிக்கொண்டிருக்கும் பைரவர், மலையடிப்பட்டி ஓவியங்கள் என எல்லாவற்றுக்கும் காட்சி காட்சியாகப் பதிவு வேண்டும். சுண்ணாம்பு அடித்தாலோ மழைநீர் கசிந்தாலோ அவை திரும்ப வரமாட்டா.

வீட்டுச் சேகரிப்புகளின் நிலை இன்னும் மோசம். ராயவரம், அரிமளம், கோனாபட்டு போன்ற ஊர்களின் நகரத்தார் வீடுகளில் தஞ்சாவூர் ஓவியங்களும் ரவிவர்மா அச்சுப் படங்களும் வெளிநாட்டுக் கண்ணாடிகளும் மாட்டியிருந்த சுவர்கள் பல இன்று வெறுமையாகிவிட்டன. பங்காளிகள் பிரித்துக்கொண்டது போக மீதி காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போகிறது. விற்பது அவரவர் உரிமை. அதில் நான் குறை சொல்லவில்லை. விற்குமுன் ஒரு படம் எடுத்து, எந்த ஊர், எந்த வீடு, யார் வாங்கியது என்று வீட்டாரே நாலு வரி எழுதிவைத்தால் போதும். இல்லாவிட்டால் பெருநகரக் கண்காட்சியில் அது வெறும் ‘செட்டிநாட்டுப் பொருள்’ என்று தொங்கும்.

இனி மண்குதிரைகள். நமுனசமுத்திரம் அய்யனார் கோயில் வழியில் இருபுறமும் வரிசையாக நிற்கும் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். புதியது நிற்கிறது, பழையது உடைந்து அதன் காலடியிலேயே மண்ணாகிறது. களிமண்ணில் மணலும் உமியும் கலந்து, முதலில் கால்களை உருட்டி நிறுத்தி, அதன்மேல் உள்ளே கூடாக வயிற்றை வளர்த்து, கழுத்தும் தலையும் ஏற்றுகிற அந்த வேலையை எந்தக் கலைக்கல்லூரியும் முழுதாகக் கற்பிப்பதில்லை. இவற்றை அருங்காட்சியகத்துக்குள் கொண்டுவந்து காக்க வேண்டும் என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். நான் உடன்படவில்லை. புரவி எடுப்பில் ஊரார் சுமந்து வந்து அய்யனாருக்கு விட்ட குதிரை வெயிலிலும் மழையிலும் நிற்பதற்கென்றே செய்யப்பட்டது. அதைப் பெயர்த்தெடுத்தால் நேர்த்திக்கடனும் போகும், அடுத்த குதிரைக்கான தேவையும் போகும். அங்கே காக்க வேண்டியது குதிரை வனையும் வேளார் குடும்பங்களின் தொழிலை. செய்தவர் பெயர், செய்த ஆண்டு, கண்மாய் மண் எடுத்த இடம், சூளை வைத்த முறை ஆகியவற்றைப் பதிவு செய்வோம். கண்மாயில் களிமண் எடுக்க அவர்களுக்குத் தடையில்லாத அனுமதி கிடைக்கவும் இந்த அவை தீர்மானம் நிறைவேற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அமைப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டுரை வாசிக்கும் ஒவ்வொருவரும் தாம் பேசும் பொருளுக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதித் தர வேண்டும்: ஊர், இடம், அளவு, இன்று இருக்கும் நிலை, கைமாறிய வரலாறு, தேதியிட்ட புகைப்படம். கருத்தரங்கு முடியும்போது அந்தப் பக்கங்களின் ஒரு படி திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்துக்கும், இன்னொரு படி அந்தந்த ஊர்ப் பள்ளிக்கும் போகட்டும். முதல் அமர்வை மண்குதிரைக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் ஆய்வாளர்களுக்கு முன்பாக வேளார் பெரியவர்களே பேச வேண்டும் என்று கேட்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.