சாய்ந்த சுவருக்கு யார் பொறுப்பு?

 



வெள்ளிக்கிழமை தோறும் நாம் ஓதி வருகின்ற கஹ்ஃபு அத்தியாயத்தில், மூஸா (அலை) அவர்களும் கிள்ரு (அலை) அவர்களும் ஓர் ஊருக்குச் சென்ற வரலாறு இடம்பெறுகிறது. பசியோடு வந்த இருவருக்கும் உணவளிக்க அவ்வூரார் மறுத்துவிட்டனர். அதே ஊரில் விழுந்துவிடும் நிலையில் ஒரு சுவர் நின்றது. கிள்ரு (அலை) அவர்கள் அதனை நிமிர்த்தி வைத்தார்கள். கூலி எதுவும் கேட்கவில்லை. அந்தச் சுவர் தந்தையை இழந்த இரு சிறுவர்களுக்கு உரியது என்பதும், அதன் கீழே அவர்களுக்கான புதையல் இருந்தது என்பதும் பின்னர்தான் தெரிய வருகிறது.

இவ்வரலாற்றைக் கூறிப் பொறுமையைப் பற்றியும் மறைவான ஞானத்தைப் பற்றியும் பேசுவது நம் வழக்கம். இன்று அந்தச் சுவரைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன். ஒரு சுவர் ஒரே நாளில் சாய்ந்துவிடுவதில்லை. அவ்வூரார் அதனை அன்றாடம் கடந்தே சென்றிருப்பார்கள். உரியவர்கள் சிறுவர்கள், கேட்பாரில்லை. பட்டினியோடு வந்த வெளியூர்க்காரர் ஒருவர்தான் அதில் கை வைக்க வேண்டியிருந்தது.

நம் கடலூர் மாவட்டத்திற்கு இது புதிய செய்தியன்று. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தேவனாம்பட்டினத்திலும் சிங்காரத்தோப்பிலும் பரங்கிப்பேட்டைக் கடற்கரையிலும் புகுந்தது. சிதம்பரத்திற்குக் கிழக்கே பிச்சாவரத்தை ஒட்டிய எம்.ஜி.ஆர். திட்டு என்னும் தீவுக் கிராமம் அன்று சிதைந்தது. எஞ்சிய மக்கள் கிள்ளைப் பக்கம் குடியேறினர். உடைந்த வீடுகள் அங்கேயே விடப்பட்டன. ஏழு ஆண்டுகள் கழித்து, 2011 டிசம்பர் 30 காலையில், தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2015இல் பெருவெள்ளம். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலைத் தொடர்ந்து தென்பெண்ணை பெருக்கெடுத்துக் கடலூரின் ஆற்றங்கரைப் பகுதிகளைச் சூழ்ந்தது.

ஒவ்வொரு பேரிடர் முடிந்ததும் இறந்தோரை எண்ணுகிறோம். முற்றிலும் இடிந்த வீடுகளை எண்ணுகிறோம். பாதி இடிந்து நின்றுவிட்ட கட்டிடத்தை எண்ணுவோர் குறைவு. அது நிற்கிறதே என்பதால் மனம் அமைதி கொள்கிறது.

ஆனால் அது அமைதியாக இல்லை, சகோதரர்களே! உப்பு நீரையும் கடற்காற்றின் உப்பையும் குடித்த கான்கிரீட்டின் உள்ளே கம்பி துருப்பிடிக்கத் தொடங்குகிறது. துருவானது இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும் தன்மையுடையது. அது உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கிறது. முதலில் கம்பியின் போக்கிலே மயிரிழை போன்ற விரிசல். பின்னர்ப் பழுப்பு நிறக் கறை. அதன்பின் தளத்தின் அடிப்புறக் காரை பெயர்ந்து விழுகிறது. சுனாமிக்குப் பின் கட்டிக் கொடுக்கப்பட்ட குடியிருப்புகளிலேயே இத்தகைய சிதைவு பற்றிய முறையீடுகள் எழுந்தமை நாமறிந்ததே. பழைய கடலூர் நகரிலும் பரங்கிப்பேட்டையிலும் நம் முன்னோர் கட்டிய மெட்ராஸ் ஒட்டு வீடுகளின் நிலை வேறு. அங்கே தளத்தைத் தாங்குவது மர உத்தரம். ஓட்டைத் தளத்தின் வழியே இறங்கும் மழைநீர், சுவருக்குள் செருகப்பட்டிருக்கும் உத்தரத்தின் முனையை உளுக்கச் செய்கிறது. வெளியே தெரியும் நடுப்பகுதி உறுதியாகவே காட்சியளிக்கும். சுவரிடுக்கில் முளைத்த அரசங்கன்று வேறு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். ஆள் குடியிருந்தால் ஒழுகும் இடத்தைப் பார்த்து அடைப்பார், கன்றைப் பிடுங்குவார். பூட்டிய வீட்டுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

பூட்டிய வீடு என்பதால் யாருக்கு என்ன ஆபத்து என்று வினவலாம். 2022 ஜனவரியில் கடலூர் அருகே, குடியிருப்பார் எவருமின்றிப் பாழாய் விடப்பட்டிருந்த கட்டிடம் ஒன்று இடிந்து, அங்குச் சென்றிருந்த மாணவர் இருவர் உயிரிழந்தனர். ஆளில்லாத கட்டிடம் சிறுவர்களை அழைக்கும், ஆட்டை அழைக்கும், மழைக்கு ஒதுங்குவோரை அழைக்கும். 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஊறிய சுற்றுச்சுவர் அதிகாலையில் சரிந்து, பக்கத்து வீடுகளில் உறங்கிக்கொண்டிருந்த 17 பேரைக் கொன்றது. அவர்கள் எவருடைய வளாகத்திற்குள்ளும் நுழைந்தவர்களல்லர்.

இப்போது நம் மார்க்கச் சட்ட நூல்களுக்கு வருவோம். சாய்ந்த சுவர் என்பதற்கென்றே ஃபிக்ஹு நூல்களில் தனிப் பகுதி உண்டு என்பதைப் பலர் அறியமாட்டார்கள். கிறிஸ்தவ ஆண்டுக் கணக்கில் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இமாம் மர்கீனானீ (ரஹ்) அவர்கள் எழுதிய ஹனஃபி நூலான ஹிதாயாவில் அது விரிவாக இருக்கிறது. அதன் சாரம் இதுதான்: ஒருவருடைய சுவர் பொதுவழியை நோக்கிச் சாய்கிறது. அதை இடித்துவிடும்படி அவரிடம் கோரப்படுகிறது. இடிக்கப் போதிய அவகாசம் இருந்தும் அவர் இடிக்கவில்லை. பின்னர் அது விழுந்து உயிரோ பொருளோ அழிந்தால், அவர் பொறுப்பாளியாகிறார்.

இந்தக் கோரிக்கையை எழுப்பும் உரிமை யாருக்கு? அவ்வழியே நடக்கும் எவருக்கும். ஆணாயினும் பெண்ணாயினும், முஸ்லிமாயினும் முஸ்லிமல்லாதவராயினும் சரி. ஏனெனில் பாதை அனைவருக்கும் உரியது. யாரிடம் கோர வேண்டும்? இடிக்கும் அதிகாரம் உடையவரிடம். குடியிருக்கும் வாடகைதாரரிடம் சொல்லிவிட்டு வந்தால் அது சொன்னதாகாது. வக்ஃப் சொத்தாயின் அதன் முத்தவல்லியிடம் சொல்ல வேண்டும். சாட்சி வைப்பது எதற்காக? கோருவதே நிபந்தனை, சாட்சி, பின்னாளில் அவர் மறுத்தால் நிரூபிப்பதற்காக என்று நூலாசிரியரே தெளிவுபடுத்துகிறார். இன்னொரு நுட்பமும் உண்டு. சுவர் பக்கத்து வீட்டின் மேல் சாய்ந்திருந்தால் அவ்வீட்டார் தவணை கொடுக்கலாம். அது அவர்களுடைய உரிமை. பொதுவழியின் மேல் சாய்ந்திருந்தால், சொன்னவரே மனமிரங்கி "சரி, அடுத்த மாதம் பாருங்கள்" என்று தவணை தந்தாலும் அது செல்லாது. மற்றவர்களின் உயிருக்கு இவர் எப்படித் தவணை கொடுக்க முடியும்?

இதில் ஷாஃபிஈ மத்ஹபின் நிலை வேறு என்பதையும் மறைக்காமல் கூற வேண்டும். நம் கடற்கரை ஊர்களில் அந்த மத்ஹபைப் பின்பற்றுவோர் நிறைய உள்ளனர். தொடக்கத்திலேயே சாய்வாகக் கட்டியிருந்தால் பொறுப்பு; நேராகக் கட்டிப் பின்னர் சாய்ந்து விழுந்திருந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு இல்லை என்பதே அங்கு வலுவான கருத்து; முடிந்தும் சரிசெய்யாதவர் பொறுப்பாளியே என்ற கருத்தும் அங்குப் பதிவாகியுள்ளது. ஆனால் இழப்பீடு கடமையா என்பது ஒரு கேள்வி. விழும் என்று தெரிந்தும் விட்டுவைப்பது ஆகுமா என்பது இன்னொரு கேள்வி. பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணிக் காட்டியிருக்க, தொல்லை தருவது நம் சொத்தாகவே இருந்துவிட்டால் கணக்கு மாறிவிடுமா?

நம்மவர்களிடம் பெரும்பாலும் கேட்கும் சமாதானம், "வீடு எனக்கு மட்டும் சொந்தமில்லையே" என்பது. உண்மைதான். வாப்பா மௌத்தாகிப் பல ஆண்டுகள் ஆகியும் பாகப்பிரிவினை நடக்கவில்லை. ஒரு மகன் சிங்கப்பூரில், ஒருவர் சவூதியில், மகள் சென்னையில். புயலில் தளம் விரிந்த வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்தார்கள். ஐவரில் எவரும் தனியே கை வைக்கத் தயாரில்லை. கை வைத்தால் செலவு தன் தலையில் விழும். வைக்காவிட்டால் பங்கு பத்திரம். ஆச்சரியம் என்னவென்றால், ஹிதாயாவில் வரும் உதாரணமும் ஐந்து பேருக்குச் சொந்தமான சுவரைப் பற்றியதே. ஐவரில் ஒருவரிடம் மட்டும் சொல்லப்பட்டு, சுவர் விழுந்து ஒருவர் இறந்தால், சொல்லப்பட்டவர் உயிரீட்டுத் தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்குப் பொறுப்பாவார் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. "நான் தனியாளாக என்ன செய்ய முடியும்?" என்ற அவருடைய வாதம் எடுபடவில்லை. மற்றப் பங்காளிகளை அழைத்திருக்கலாம். காஜியிடம் முறையிட்டிருக்கலாம் என்று காரணம் கூறப்படுகிறது. மேலும், உயிருக்கான ஈட்டை அவருடைய உறவுக் கூட்டம் சேர்ந்து சுமக்க வேண்டும் என்பது பழைய விதி. மைத்துனரும் சித்தப்பா மகனும் சுவரைப் பற்றிக் கவலைப்பட அன்று ஒரு காரணம் இருந்தது!

வேறு சிலர், "இடிபாட்டில் இறந்தவர் ஷஹீத் ஆயிற்றே" என்று கூறி ஆறுதல் அடைகிறார்கள். ஸஹீஹான ஹதீஸில் ஷஹீதுகளின் வரிசையில் இடிந்து விழுந்தவற்றில் சிக்கி இறந்தவரும் எண்ணப்பட்டிருக்கிறார். மறுப்பில்லை. அது இறந்தவருடைய தாய்க்குச் சொல்ல வேண்டிய ஆறுதல். சுவரின் உரிமையாளர் அதைச் சொல்லித் தப்ப முடியாது.

சொன்னால் பயன் உண்டா? 2021 டிசம்பர் 27 அன்று சென்னை திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் குடியிருப்பின் 24 வீடுகள் கொண்ட ஒரு பகுதி தரைமட்டமானது. விரிசலைக் கண்டவுடன் ஒருவருக்கொருவர் சொல்லி, பிடித்த பிடியில் வெளியேறியதால் அங்கு ஓர் உயிரும் போகவில்லை. அதற்குப் பத்து நாள் முன்னர், டிசம்பர் 17 அன்று, திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் விழுந்து மாணவர் மூவர் இறந்தனர். அதன்பின்னரே மாநிலமெங்கும் பழுதடைந்த பள்ளிக் கட்டிடங்களை ஆய்ந்து இடிக்க அரசு முனைந்தது.

எனவே, இதனை வாசிக்கின்ற சகோதரர்களே, உங்கள் தெருவில் அப்படியொரு கட்டிடம் இருக்குமாயின், உரிமையாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கதவு எண், தெருப் பெயர், எந்தச் சுவர், எந்தப் பக்கம் சாய்கிறது, எப்போது பார்த்தீர்கள் என்பவற்றைக் குறிப்பிடுங்கள். பகலில் தெருவில் நின்றவாறே எடுத்த புகைப்படத்தை இணையுங்கள். உள்ளே நுழைய வேண்டாம். ஒப்புகை கிடைக்கும் வகையில் தபாலில் அனுப்புங்கள்; அதுவே இக்காலத்துச் சாட்சி. வெளிநாட்டில் இருப்பவராயின் வாட்ஸ்அப்பிலும் அனுப்பி, அவர் பார்த்ததைப் பாதுகாத்து வையுங்கள். நகலைக் கடலூரில் மாநகராட்சி ஆணையருக்கும், சிதம்பரத்தில் நகராட்சி ஆணையருக்கும், பரங்கிப்பேட்டையில் பேரூராட்சி செயல் அலுவலருக்கும் கொடுங்கள். ஆபத்தான கட்டிடத்தை வேலியிட்டு அடைக்கவோ, பழுது பார்க்கவோ, இடிக்கவோ உரிமையாளருக்கு ஆணையிடும் அதிகாரம் உள்ளாட்சிக்கு உண்டு. பதில் வராவிட்டால், திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியரகத்தில் நடைபெறும் குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. வக்ஃபுக் கடைகளும், பழைய மதரஸாக் கட்டிடமும், கபரஸ்தான் சுற்றுச்சுவரும் இதில் அடங்கும். வாரியத்தின் அனுமதி வேண்டுமாயின் விண்ணப்பத்தை இன்றே எழுதுங்கள். அனுமதி வரும்வரை முள்வேலியாவது போட்டு வையுங்கள். "உள்ளே வராதீர்" என்ற பலகையைச் சிறுவர்களின் கண் உயரத்தில் மாட்டுங்கள். வாரிசுகளிடையே பேச்சு நின்றுபோன வீடுகளில், ஐவரையும் ஒரே நாளில் தொலைபேசியில் சேர்த்துப் பேச வைக்க ஜமாஅத்தால் முடியும். இடித்துவிட்டால் பங்கு போய்விடும் என்று அஞ்சுவோருக்கு, இடிக்குமுன் அளந்து, படமெடுத்து, அனைவரும் கையெழுத்திட்ட தாளைப் பள்ளிவாசல் பதிவேட்டில் வைத்துக்கொள்ளலாம். மனை எங்கும் போகாது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும். கடிதங்கள் அதற்கு முன்னர் போய்ச் சேர வேண்டும்.